மூணு சிகரெட்டு, ஒரு ஆழாக்கு பாலு

மாசி 20, வியாழன்

காலைல பனி. எட்டு மணிக்கே வெய்யிலு சுள்ளுன்னு. மாமரம் பூத்துக் கெடக்குது, வாசன வூட்டுக்குள்ள வருது, கூடவே ஈயும்.

வேலை: கோழிக் கூண்டுக்குக் கயிறு. கொல்லிக்குப் போயி குத்தகைக்காரன் வேர்க்கடலைக்குத் தண்ணி கட்டுனானா, கட்டுனன்னு புளுகுறானான்னு பாக்கணும். பல்லுக்குக் கிராம்பு. வலது பக்கம் கடைசி பல்லு, ஆடுது, வுழ மாட்டேங்குது. என்ன மாரியே.

என் புள்ள முனுசாமி புதுக் கட்டு காயிதம் குட்த்தான். பஸ்ஸு டிரிப் ஷீட்டு. ஒரு பக்கம் தெலுங்குல அச்சு, பின்பக்கம் வெள்ளை. மூணாங்கிளாஸு படிச்சவனுக்கு இது போதும்.

புள்ள டிரைவரு ஆனதுல எனுக்கு ரெண்டு லாபம். ஒண்ணு, திருப்பதிக்கும் திருத்தணிக்கும் ஓசி சீட்டு. இன்னொண்ணு, நாளைக்கு மூணு சிகரெட்டு. பத்து இருக்கற பாக்கெட்டுல ஏழு அவனுக்கு, மூணு எனுக்கு. அவன் கல்யாணத்துக்கு முன்னாலருந்து நடக்கற பாகப்பிரிவினை. கோர்ட்டுக்குப் போவாத பாகம் எங்க வூட்ல அது ஒண்ணுதான்.

சாயங்காலம் பொட்டிக்கடை நாயுடு பாக்கெட்டை நீட்டிட்டு மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கினான். ஒரேயடியா ஒண்ணரையணா ஏத்தம். நாலணா பாக்கெட்டு இனிமே அஞ்சரையணா. அவன் நயா பைசால சொன்னான், எனுக்கு அது இன்னும் மண்டைல ஏறல.

"வரி தாத்தா, வரி. நேனேம் சேசேதி?" நான் இன்னா செய்யறதுன்னு கையை விரிச்சான்.

"நீ செய்யறது செய்டா. கை விரிக்கறத மட்டும் வரியில்லாம செய்யி."

கடையில ரெண்டு பேரு சிரிச்சாங்க. முனுசாமி சிரிக்கல. பேட்டா துட்ட எண்ணி வெச்சான்.

மாசி 21, வெள்ளி

வரக்காப்பி.

டம்ளரு அடியில என் மூஞ்சி தெரிஞ்சிது. கருப்பா, நெளிஞ்சிகினு. "இன்னாம்மா கலெக்டரம்மா, பால மறந்துட்டியா?"ன்னு கேட்டன்.

மருமவளுக்கு நான் வெச்ச பேரு அது. பவுனு அஞ்சாங்கிளாஸு பாசு, என்னைய விட ரெண்டு கிளாஸு மேல.

"எல்லம்மா மாடு வத்திப்போச்சி மாமா."

சரி. மாடுன்னா வத்தும். வரக்காப்பிக்கி சிகரெட்டு நல்லாத்தான் கீது. முனுசாமி விடிகாலை டிரிப்பு, அவன் டீக்கடைல குடிச்சிக்குவான்.

கயிறு வாங்கல.

மாசி 23, ஞாயிறு

காலைல வாய் கொப்புளிச்சிகினு வாசல்ல நின்னன். எல்லம்மா தலையில பால் செம்போட போறா. அடுத்த வூட்ல ஊத்தறா. அதுக்கடுத்த வூட்ல ஊத்தறா. எங்க வூட்ட மட்டும், பொணம் வுழுந்த வூடு மாரி தாண்டிகினு போறா.

உள்ள போயி, "கலெக்டரம்மா, வத்திப்போன மாடு தெருவெல்லாம் ஊத்திகினு போவுதே, இன்னா அதிசயம்!"ன்னன். சிரிக்கப் போறான்னு நெனச்சன்.

அடுப்ப ஊதிகினே இருந்தா. அப்புறம் சொன்னா. நான்தான் வோணான்னு சொல்லிட்டன் மாமான்னு.

முனுசாமி தெனம் பேட்டா துட்டுல சிகரெட்டு வாங்கிட்டு மிச்சத்த அவ கையில வெப்பான். வரி ஏறின நாள்லருந்து மிச்சத்துல ஒண்ணரையணா கொறையுது. அவன் வேணும்னு கொறைக்கல. அவனுக்கு அது தெரியவும் தெரியாது. எல்லம்மா ஒரு ஆழாக்கு பாலுக்கு வாங்கறதும் ஒண்ணரையணா.

"வேற எதுலயாவது கொறைக்கறதுதானே?"ன்னு கேட்டன்.

"அரிசி கொறச்சா உங்களுக்குத் தெரிஞ்சிடும். எண்ணெ கொறச்சா அவருக்குத் தெரிஞ்சிடும். பாலு கொறச்சா எனுக்கு மட்டுந்தான் தெரியும்."

இதுக்கு என்கிட்ட கிண்டல் ஒண்ணும் வரல. தேடிப் பாத்தன். வரல.

அவளுக்கு இப்ப அஞ்சாம் மாசம். மொதல்ல பொறந்தது போன வைகாசில. உள்ளங்கைல அடங்கும், அவ்ளோதான். ஒம்போதாம் நாள் போயிடுச்சி. இந்தத் தடவ நர்சம்மா மொத வார்த்தையா சொன்னது, தெனம் ஒரு ஆழாக்கு பாலு.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க மாமா. ஸ்டீரிங் புடிக்கறவரு. பொகை இல்லன்னா கண்ணு சொருவுதும்பாரு. அம்பது உசுரு வண்டில." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கும் மூணு வோணும் இல்ல"ன்னா.

குத்தலா சொல்லல. அதான் குத்துது.

மாசி 24, திங்கள்

பல்லு வலி. கிராம்பு.

தீக்குச்சிய அடுக்கி வெச்சி கணக்கு போட்டன். பத்துக்கு அஞ்சரையணான்னா மூணுக்கு இன்னா. நாலு தடவ போட்டன். ஒண்ணரையணாவும் ரவ மேலயும் வருது. நான் ஊதித் தள்றது ஒரு ஆழாக்கு. சரியா ஒரு ஆழாக்கு.

அஞ்சாவது தடவ போட்டா கொறையுமான்னு பாத்தன். கொறையல. அடுக்கின குச்சியிலயே ஒண்ண எடுத்து சிகரெட்டு பத்த வெச்சன். எழுதவே வெக்கமா கீது. யாரு படிக்கப்போறாங்க.

மாசி 28, வெள்ளி

டீக்கடைல பெரிய மாநாடு. எல்லாரும் எல்லைக்கல்லப் பத்தித்தான். பங்குனி பத்தொம்போதாந்தேதி திருத்தணி மெட்ராஸு பக்கம் போவுது. நாம நகரிக்காரங்க ஆந்திராவுலயே. கட்ட ராமன் சொன்னான், அவன் மச்சான் வயலு ஒரு பக்கமும் கெணறு ஒரு பக்கமும் போவுமாம். "அப்ப தண்ணி மொண்டா பாஸு காட்டணுமா?"ன்னன். ஒரு டீ எனுக்கு ஓசில வந்துச்சி.

அப்பதான் கட்ட ராமன் ஒரு போடு போட்டான்.

"சிகரெட்டு வரி ஆரு போட்டது? இந்த கவருமெண்டு. திருத்தணி அந்தாண்ட போனா அங்க இந்த வரி ஏது? பழைய நாலணாதான்."

இவ்ளோ நாளா இது ஏன் நம்ம புத்திக்கு எட்டலன்னு ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துக்கினோம். டீக்கடைக்காரன் மட்டும் "பேப்பருல அப்டி போடலியே"ன்னான். "பேப்பருகாரன் சிகரெட்டு குடிக்க மாட்டான்"ன்னு அவன அடக்கிட்டன்.

எனுக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுமை. மூணையும் விடாம, பாலையும் திருப்பிக் குடுக்க வழி கெடச்சிது. முருவனே வரிய எறக்கறான்.

பங்குனி 3, புதன்

அனல். பட்டி நாய் தண்ணித் தொட்டிக்குள்ளயே படுத்துகினு கீது.

பவுனு முறம் பொடைச்சிகினு இருந்தா. கிட்ட போயி குந்திகினு சொன்னன். பதினாறு நாள் பொறும்மா, பத்தொம்போதாந்தேதி திருத்தணி மாறுது, அங்கருந்து பழைய வெலைக்கே பாக்கெட்டு வரும், முனுசாமி தெனம் போற ஊருதானே, உன் பாலு தானா திரும்பிடும்.

"நெசமாவா மாமா?"

"நான் எப்ப பொய் சொன்னன்?"

சிரிச்சா. நான் பொய் சொன்ன நாளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனா நம்பிட்டா. பொடைக்கற கை வேகமாச்சி. "பதினாறு நாளு இன்னா, பல்லக் கடிச்சா போயிடும்"ன்னா.

கடிக்கறதுக்கு என் பல்லு போதாது.

பங்குனி 10, புதன்

நகரி ஆஸ்பத்திரி. முனுசாமிக்கு டூட்டி, அதால நான் கூட போனன். வரிசைல எல்லாம் வயிறு, நடுவுல மீசையோட நான் ஒருத்தன். ஒரு பொம்பள "தாத்தாக்கு எத்தனாவது மாசம்?"ன்னு கேட்டா. "பதினோராவது, வலி வர மாட்டேங்குது"ன்னன். வரிசையே சிரிச்சிது. பவுனு மொந்தானைல வாயப் பொத்திக்கினா.

உள்ள நர்சம்மா பவுனு கண்ணு இமைய கீழ இழுத்துப் பாத்தா. சிரிக்கல.

"பாலு தாகுதுன்னாவா?" பாலு குடிக்கறியான்னு.

"தாகுதுன்னானம்மா"ன்னா பவுனு. குடிக்கறன்னு.

நர்சம்மா என்ன பாத்தா. பெரியவரு நீங்க சொல்லுங்கங்கற பார்வ. என் வாய், ஊரையே வம்புக்கு இழுக்கற வாய், தொறக்கல. சட்டைப் பையில அன்னிய ரெண்டாவது சிகரெட்டு கெடந்துது. அரை வீசை இரும்பு மாரி கனம்.

இமை உள்பக்கம் வெளுத்துக் கெடந்துது. நான் பாத்தன். பாக்காத மாரி இருந்தன்.

வரும்போது அவளுக்கு ஒரு கொய்யாப்பழம் வாங்கித் தந்தன். லஞ்சம்.

பங்குனி 11, வியாழன்

இன்னிக்கி ஒண்ணும் குடிக்கறதில்லன்னு முருவன் மேல ஆணை.

காலை: கொல்லிக்குப் போனன், வந்தன், மறுபடி போனன். வயிறு எளகல.
பத்து மணி: குத்தகைக்காரன் மேல சத்தம். தப்பு அவன் மேல இல்ல.
பன்னண்டு: துன்ன சோறு மண்ணு.
ஒரு மணி: குடிச்சிட்டன். மூணும் ஒண்ணு பின்னால ஒண்ணு.

முருவனுக்கு இன்னும் எட்டு நாள்ல நேர்லயே வந்து சமாதானம் சொல்லிக்கறன்.

பங்குனி 14, ஞாயிறு

ஊருக்குள்ள சேதி பரவிடுச்சி. யாருகிட்டயும் சொல்லாதன்னு நானே பத்து பேருகிட்ட சொன்னன். திருத்தணிலருந்து வாங்கியாரச் சொல்லி ஆளுக்கு ஆளு துட்டு குடுக்கறாங்க, நாலணா நாலணாவா:

கட்ட ராமன் - 2 பாக்கெட்டு
டீக்கடை - 5 (பேப்பருல போடலன்னவன்தான்)
பஜனைகோயில் பூசாரி - 1, வெளிய சொல்லக்கூடாது
வாத்தியாரு - 1, அவரும் வெளிய சொல்லக்கூடாது
பொட்டிக்கடை நாயுடு - 10! கடைக்காரனே வாங்கறான். இவன் அஞ்சரைக்கி வித்துடுவான், திருட்டுப்பய.

எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில முடிஞ்சி அரிசிப் பானைக்குள்ள வெச்சன். பவுனு ராத்திரி சோத்துக்கு அரிசி அளக்கும்போது அந்தப் பைய எடுத்து பக்கத்துல வெச்சிட்டு, அளந்துட்டு, திரும்ப உள்ள வெச்சா. அதுலருந்து ஒரு ஒண்ணரையணா எடுத்திருந்தா எவனுக்குத் தெரியும். எடுக்கல.

கால் ரவ வீங்கின மாரி கீது அவளுக்கு. வெய்யிலா இருக்கும்.

பங்குனி 18, வியாழன்

வேட்டி தொவைச்சி காயுது. மீசைக்கி எண்ணெ. நாளைக்கி.

முனுசாமி, "இன்னா நைனா, மாப்ள மாரி கிளம்பற, மொட்டையா?"ன்னான். "ஆமா, உனக்கும் சேத்து போட்டுக்கறன்"ன்னன். அவன்கிட்ட இன்னும் சொல்லல. பாக்கெட்ட கையில வெச்சி அசத்தலாம்னு.

பவுனு எல்லம்மாகிட்ட பேசினது காதுல வுழுந்துச்சி. "நாளன்னிலருந்து ஊத்து அக்கா. மாமா சொல்லிட்டாரு."

பங்குனி 19, வெள்ளி

சுருக்கா எழுதிடறன்.

முன்சீட்டு. முனுசாமி வழியெல்லாம் ஹாரன். திருத்தணி கடைத்தெருவுல ரெண்டு மூணு கடைல மாவெலைத் தோரணம், டீக்கடைல சும்மாவே கல்கண்டு குடுக்கறான். எனுக்கும் ஒண்ணு. நல்ல சகுனம்னு வாயில போட்டுகினு மொதக் கடைக்கிப் போனன்.

"பாக்கெட்டு எவ்ளோ?"

"அஞ்சரையணா."

"அது நேத்து வெல. இன்னிக்கி மெட்ராஸு வெல சொல்லுப்பா."

"அதே வெலதான் பெரியவரே."

"இது மெட்ராஸுதானே?"

"மெட்ராஸுதான்."

"அப்ப நாலணா குடு."

அவன் பக்கத்துக் கடைக்காரனக் கூப்ட்டான். அவன் அதுக்குப் பக்கத்துக் கடைக்காரனக் கூப்ட்டான். மூணாவது ஆளு, கண்ணாடி போட்டவரு, மெதுவா சொன்னாரு. "அய்யா, இது டில்லி வரி. எல்லைக்கல்ல நீங்க இங்க நட்டாலும் அங்க நட்டாலும் கன்னியாகுமரில நட்டாலும் ஒரே வெல. இங்க மாறினது போர்டுல எழுத்துதான்."

மொதக் கடைக்காரன் சிரிச்சிகினே "ஆந்திராலருந்து இதுக்குன்னே வந்தீங்களா?"ன்னான். காலைல ஆந்திராவுலருந்து வந்த ஆளு நாந்தான்னு எனுக்கே அப்பதான் ஒறைச்சிது. நேத்து வரைக்கும் எல்லாம் ஒண்ணா இருந்த ஊரு.

இன்னும் ரெண்டு கடை கேட்டன். தெரிஞ்சிகினே கேட்டன். அதுல ஒருத்தன் "வயசானவரு, வேணும்னா ஒரு நயா பைசா கொறச்சிக்கறன்"ன்னான். அந்த ஒரு பைசாதான் எனுக்கு அழுகைய வர வெச்சிது.

வெறுங்கையோட வர வெக்கம். என் சொந்தத் துட்டுல ஒரு பாக்கெட்டு வாங்கினன். அஞ்சரையணா குடுத்து. மலையப் பாத்து கும்புட்டன், மேல ஏறல. முருவன்கிட்ட இன்னா மூஞ்சில சொல்றது.

திரும்பி வரும்போது முனுசாமி கேட்டான், "இன்னா நைனா பேச்சே காணோம்?" வெய்யிலுன்னன்.

பவுனு வாசல்ல நின்னுகினு இருந்தா. கண்ணு நேரா பையிக்கிப் போச்சி. பை, காலைல போன கனத்துலயே வந்துது. "கை கால் கழுவுங்க மாமா, சோறு கீது"ன்னா. அவ கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

பங்குனி 20, சனி

வூடு வூடா போயி துட்ட திருப்பிக் குடுத்தன். மஞ்சப்பை காலி. எனுக்கு ஒரு பேரு கெடச்சிது: எல்லை மந்திரி. டீக்கடைல நான் நொழைஞ்சதும் கட்ட ராமன் எழுந்து நின்னு வணக்கம் வெக்கறான். யோசன சொன்னவனே அவன்தான். இத்தன வருசம் நான் வெச்ச பேரெல்லாம் திரும்பி வருது.

காலைல எல்லம்மா பாலோட வந்தாளாம். பவுனு, "இன்னும் ரெண்டு நாளு போவட்டும் அக்கா"ன்னு திருப்பி அனுப்பிட்டாளாம். நான் பின்பக்கம் இருந்தன். செம்பு சத்தம் மட்டும் கேட்டுது.

மத்தியானம் ஒரு யோசன. இந்தத் தடவ என் சொந்த யோசன. எல்லம்மா புருசன் கங்கனும் சிகரெட்டு குடிக்கறவன், வெல ஏறினதுல அவனுக்கு ஒண்ணும் சிக்கறதில்ல. என் புதுப் பாக்கெட்டத் தூக்கிகினு அவன் மாட்டுக் கொட்டாய்க்குப் போனன்.

"கங்கா, பத்து சிகரெட்டு. மூணு நாளைக்கி ஆழாக்கு ஆழாக்கா எங்க வூட்டுக்கு ஊத்திடு. உன் பொண்டாட்டிக்கு சொல்லாத."

"நாலு நாளைக்கி கேக்காம வுட்டீங்களே பெரிப்பா"ன்னு வாங்கி கோவணத்துல சொருகிக்கினான்.

சிகரெட்ட பாலாக்கிட்டன். வூட்டுக்கு வர வழியில பாட்டு வந்துச்சி வாயில. மூணு நாளு கழிச்சி இன்னாங்கற யோசன அப்ப வரல.

பங்குனி 21, ஞாயிறு

முனுசாமிக்கு லீவு. பழைய சோறு துன்னுகினு இருந்தான். பவுனு மோரு ஊத்திகினு நின்னா. நான் கயித்தத் திரிச்சிகினு. கோழிக் கூண்டுக்கு, ஒரு மாசமா பாக்கி.

எல்லம்மா வந்தா. ஒரு கையில பால் செம்பு. இன்னொரு கையில என் பாக்கெட்டு.

"இன்னா பெரிப்பா, உங்க நெனப்பு இன்னா?"

நான் கண்ணால சாடை காட்டறன், உள்ள புள்ள கீறான்னு. எல்லம்மா சாடையெல்லாம் பாக்கற ஜாதி இல்ல.

"உங்க வூட்டு பாலு பொகையா போச்சி. மருமவ ஒரு மாசமா வரக்காப்பி குடிக்கறா. என் வூட்டுலயும் அதே பத்த வெக்கப் பாக்கறீங்களா? என் ஆளு அடுத்த மூணு நாளு பாலு துட்ட இப்பவே ஊதப் பாத்தான். நான் தவிடு எதுல வாங்கறது? மாட்டுக்குப் பொகைய காட்டறதா?"

பாக்கெட்ட என் மடியில போட்டா. தெறந்து பாத்தன். ஏழு.

"ஏழு கீது. மூணு குடிச்சிட்டான். அந்த மூணுக்கு இந்தா." செம்பச் சாய்ச்சி பவுனு கையிலருந்த மோரு கிண்ணத்துலயே ஒரு ஆழாக்க ஊத்தினா. மோரோட பாலு கலந்து போச்சி.

முனுசாமி கை சோத்துலயே நின்னுடுச்சி.

"இன்னா பாலு?"

பவுனு என்ன பாத்தா. நான் கயித்தப் பாத்தன்.

"இன்னா பாலுன்னு கேக்கறன். எப்பலருந்து?"

"மாசி இருவத்தொண்ணுலருந்து"ன்னன். தேதி சுத்தமா சொன்னன். எழுதி வெச்சிக்கறதுல இது ஒரு லாபம்.

"உனுக்குத் தெரியுமா நைனா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினேவா தெனம் சாயங்காலம் என்கிட்ட கைய நீட்டின?"

தெரிஞ்சிகினேதான்னு சொன்னன்.

பவுனு, "நான்தான் சொல்லாதீங்கன்னன்"ன்னா. "நீ சும்மா இரு"ன்னான். வைய்யல. கொரலு வேற மாரி இருந்துச்சி. கைய கழுவிட்டு வெளிய போயி மாமரத்தாண்ட நின்னான். முதுவு தெரியுது. சட்டைப்பைக்கி கை போவுது, வருது, போவுது. பத்த வெச்சிட்டான். ஒரு இழுப்பு. மிச்சத்த கையிலயே வெச்சிகினு சாம்பலாவற வரைக்கும் பாத்துகினு நின்னான்.

வையறதுக்கு எனுக்கு மனசு வரல அவன. திருப்பதி பஸ்ஸு ஸ்டாண்டுல ஒரு தடவ பாத்திருக்கறன். நாலு டிரிப்பு ஓட்டிட்டு எறங்கி, முன் மட்கார்டுல சாஞ்சி, ஒண்ணு பத்த வெச்சி, அந்த அஞ்சு நிமிசம் எவன் கூப்ட்டாலும் திரும்ப மாட்டான். ஒரு நாளுல அவனுக்குன்னு கீறது அந்த அஞ்சு நிமிசந்தான். பீடிக்கி மாறுன்னா, காக்கிச் சட்டை போட்டுகினு பீடியான்னுவான். அதுவும் நெசந்தான். வரி போட்டவனுக்கு அந்த அஞ்சு நிமிசமும் தெரியாது, இவ கண்ணு இமையும் தெரியாது.

எல்லாம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். கைய நீட்டிகினு இருந்தன்.

உள்ள வந்தான். "எனுக்கு அஞ்சு போதும். சில்லறையா வாங்கிக்கறன், பாக்கெட்டு வோணாம்"ன்னு பவுனுகிட்ட சொன்னான். தரையப் பாத்துகினு.

"வண்டி ஓட்டறப்ப கண்ணு சொருவுமே."

"வண்டி டீசல்ல ஓடுது."

என் புள்ளைக்கும் கிண்டல் வருது.

நான் மடியிலருந்த ஏழையும் எடுத்து அவன்கிட்ட குடுத்தன். "உனுக்கு ஒரு நாளும் சொச்சமும் வரும். எனுக்கு ஒண்ணும் வோணாம்."

"எத்தன நாளைக்கி?"ன்னான்.

"போடா"ன்னன்.

பங்குனி 22, திங்கள்

மூஞ்சில ஈ. பல்லு. தலவலி. வயிறு கல்லு.

வம்பு: டீக்கடைக்காரன்கிட்ட, கட்ட ராமன்கிட்ட, நாயுடுகிட்ட, நாயிகிட்ட.

வலது காதுக்கு மேல கை போவுது. அங்கதான் சொருகி வெப்பன். ஒண்ணுமில்ல. வெறும் காது.

நாயுடு, "மந்திரிகாரு, சிகரெட்டு?"ன்னான். "மெட்ராஸுல வுட்டுட்டு வந்துட்டன்"ன்னன். தெருவே பேசுது, திருத்தணி சிகரெட்டு காரமாம், அதால பெரியவரு வெறுத்துட்டாராம்னு. அப்டியே இருக்கட்டும். நெசக் காரணம் இந்தக் காயிதத்துல மட்டும் இருக்கட்டும்.

கோழிக் கூண்டு கட்டி முடிச்சன். கையிக்கி வேல இருந்தா ரவ தேவல.

முனுசாமி சாயங்காலம் வந்து பழக்கத்துல பைலருந்து ரெண்டு எடுத்து ஒண்ண என்கிட்ட நீட்டினான். ரெண்டு பேரும் அதப் பாத்தோம். திரும்ப உள்ள போட்டுக்கினான். இன்னிக்கி எத்தனன்னு நான் கேக்கல. அஞ்சுன்னு அவனே சொன்னான். ஏழா இருக்கும்னு தோணிச்சி. ஆனா பவுனு கையில வெச்ச துட்ட பாத்தன். முழுசா இருந்துச்சி.

பங்குனி 23, செவ்வாய்

விடிஞ்சும் விடியாம எல்லம்மா. ஒரு ஆழாக்கு, மேல ஒரு கரண்டி கொசுறு. "உங்களுக்கில்ல பெரிப்பா, அவளுக்கு."

காச்சி ஆத்தி பவுனு என் காப்பிக்கி ரவ சாய்க்கப் பாத்தா. டம்ளர மூடிக்கினன். "கலெக்டரம்மா, செக்கிங். என் கண்ணு முன்னால குடிக்கணும். பாதில நிறுத்தினா டிக்கெட்டு கிழிச்சிடுவன்." மாமனாரு முன்னால குடிக்க வெக்கம் அவளுக்கு. சுவத்தப் பாத்து திரும்பிகினு குடிச்சா. தொண்டைல எறங்கற சத்தம் எண்ணினன். டம்ளரு காலி.

வரக்காப்பி. டம்ளரு அடியில என் மூஞ்சி. கை காதுக்குப் போயி திரும்பி வருது. ஒரு பல்லு வுழுந்தா நல்லாருக்கும்.

நான் மாமரத்தாண்ட இத்த எழுதறன். எல்லம்மாவும் அவளும் வாசல்ல. நான் இல்லன்னு நெனச்சி பேசறாங்க.

"இந்தத் தடவ அசைவு எப்டி கீது?"

"ஒதைக்குது அக்கா. ரெண்டு நாளா நல்லாவே ஒதைக்குது."

ஒதைக்கட்டும். அந்த ஒத யாருக்குன்னு எனுக்குத் தெரியும்.